ஜாதவ்பூர் இட்லி மாவும் பன்னிரண்டு குச்சிகளும்

நாகலக்ஷ்மிக்கு நாற்பத்தேழு வயது. பிறந்தது, படித்தது, கல்யாணம் ஆனது எல்லாம் கல்கத்தாவில்தான். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் வங்காளி. கணவர் சிவராமகிருஷ்ணன் கார்டன் ரீச் ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். அவளும் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் பன்னிரண்டு வருஷம் கம்ப்யூட்டர் தட்டினாள். கொரோனா சமயத்தில் அந்தக் கிளையை மூடிவிட்டார்கள். சும்மா இருக்கப் பிடிக்காமல் அக்கம்பக்கத்துக்கு இட்லி மாவு அரைத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். இன்று ஜாதவ்பூரில் ஒரு வீட்டின் கீழ்த்தளம் முழுக்க அவளுடைய மாவுக்கூடம். இரண்டு பெரிய கிரைண்டர், ஒரு பேக்கிங் மேஜை, தினமும் நானூறு பாக்கெட்.

போன வருஷம் துர்கா பூஜைக்கு ஒன்றரை மாசம் முன்னால்தான் வந்தது வினை. பல்கலைக்கழகத்தில் உணவுத் தொழில்நுட்பம் படிக்கும் திருநெல்வேலிப் பெண் ஸ்நேகா, வாரா வாரம் மாவு வாங்குகிறவள், அன்று ஒரு பாக்கெட்டைத் திருப்பிக் கொண்டுவந்தாள்.

"ஆன்ட்டி, மாவு புளிச்சா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். இது புளிப்பு இல்ல. மோந்து பாருங்க."

நாகலக்ஷ்மி மோந்து பார்த்தாள். அழுகின காயின் வாடை. அன்று மாலையே அலிப்பூரில் அவளிடம் மாவு வாங்கும் கேன்டீனிலிருந்தும் போன் வந்தது. இன்னொரு தடவை இப்படி வந்தால் பூஜை ஆர்டர் கிடையாது என்றார்கள்.

மறுநாள் காலை கோபம் முழுக்க சுப்ரியா மேல் திரும்பியது. சுப்ரியா முதல் நாளிலிருந்து கூட இருப்பவள். பாத்திரம், மேஜை, கிரைண்டர் கழுவுவதெல்லாம் அவள் பொறுப்பு. நாகலக்ஷ்மியை 'பௌதி' என்றுதான் கூப்பிடுவாள். வங்காளியில் அண்ணி என்று அர்த்தம்.

"நீ ஒழுங்கா கழுவறதில்ல. வேற எப்படி வாடை வரும்?"

"தேய்ச்சு தேய்ச்சு என் கையே வெந்து போச்சு, பௌதி!" என்றாள் சுப்ரியா. அன்று அவள் மத்தியானம் சாப்பிடவே இல்லை.

மூன்றாம் நாள் காலை ஸ்நேகா ஒரு பையோடு வந்து நின்றாள். பேராசிரியரிடம் கேட்டுக் கடன் வாங்கி வந்த சின்ன மீட்டர், டிவி ரிமோட்டை விடக் கொஞ்சம் பெரிது. கூடவே பன்னிரண்டு பஞ்சுக் குச்சிகள், ஒவ்வொன்றும் தனித்தனிக் குழாயில்.

"பன்னெண்டுதான் குடுத்தாங்க, ஆன்ட்டி. பாத்துப் பாத்து செலவழிக்கணும். கழுவின இடத்துல இந்தப் பஞ்சைத் தேய்க்கணும். கிருமியோ மாவோ ஒட்டியிருந்தா குழாய்க்குள்ள இருக்கற மருந்து மினுங்கும். மின்மினிப் பூச்சி மினுங்குது பாருங்க, அதே வித்தை. எவ்வளவு வெளிச்சம்னு மீட்டர் நம்பரா காட்டும். முப்பதுக்குள்ள இருந்தா சுத்தம்."

"எத்தனை நாள் ஆகும்?"

"பதினஞ்சு செகண்டு."

நாகலக்ஷ்மி நம்பவில்லை. ஆனாலும் கிட்டத்தில் வந்து நின்றாள்.

முதல் குச்சி கிரைண்டர் பாத்திரத்துக்கு. மீட்டர் பதினைந்திலிருந்து பின்னோக்கி எண்ணியது. பதினொன்று! இரண்டாவது, கல்லுக்கு. பத்தொன்பது. சுப்ரியாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. மூன்றாவது, பேக்கிங் மேஜைக்கு. நானூற்றெண்பது.

"பாத்தியா!" என்று திரும்பினாள் நாகலக்ஷ்மி.

"உங்க கண்ணு முன்னாடி இன்னொரு தடவை கழுவறேன். பாருங்க!" சுப்ரியா சோப்புப் போட்டுத் தேய்த்தாள், கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் விட்டாள். வழக்கம்போல் நாகலக்ஷ்மி கொடியிலிருந்து வெள்ளைத் துணியை எடுத்து மேஜையை ஈரம் போகத் துடைத்தாள். அந்தக் கடைசித் துடைப்பை அவள் யாரிடமும் விட்டதில்லை.

நான்காவது குச்சி. அறுநூற்று ஐம்பத்தைந்து.

"கழுவினதுக்கு அப்புறம் கூடுமா?" ஸ்நேகா குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "குச்சிலதான் கோளாறுபோல."

நாகலக்ஷ்மி கிரைண்டரைப் பார்த்தாள், மேஜையைப் பார்த்தாள். இரண்டையும் கழுவியது அதே கை, அதே சோப்பு, அதே தண்ணீர். கிரைண்டர் பாத்திரத்தைக் கவிழ்த்து வைப்பார்கள், தானே காய்ந்துவிடும். மேஜையை மட்டும்தான்...

"இரு, இரு!" குரல் அவளுக்கே உரக்கக் கேட்டது. "சுப்ரியா, திரும்பக் கழுவு. யாரும் துடைக்காதீங்க. ஸ்நேகா, ஈரத்தோடயே குச்சி போடும்மா."

மூன்று தலைகளும் மீட்டரின் மேல் குனிந்தன. மூன்று, இரண்டு, ஒன்று. பதினான்கு!

"இப்ப துடைக்கறேன்." நாகலக்ஷ்மி அதே வெள்ளைத் துணியால் துடைத்தாள். துடைத்த இடத்தில் அடுத்த குச்சி. எழுநூற்றிரண்டு.

"ஓ மா!" என்று சுப்ரியா கத்திய கத்தலில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. ஸ்நேகா ஏழாவது குச்சியைத் துணியிலேயே வைத்துத் தேய்த்தாள். எண் ஐயாயிரத்தைத் தாண்டியது.

நாகலக்ஷ்மி தினமும் சாயங்காலம் தன் கையால் துவைத்து, தன் கையால் உலர்த்திய துணி. மழைக்காலத்தில் குளியலறைப் பக்கக் கொடியில் அது முழுசாகக் காய்ந்ததே இல்லை. பார்வைக்கு மட்டும் பளிச்சென்று இருந்தது. மாவு அள்ளும் கரண்டியும் திறந்த பாக்கெட்டும் அந்த மேஜை மேல்தான் இருக்கும். நாகலக்ஷ்மிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அதே சமயம் திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த குதூகலமும் தாங்கவில்லை. அழுகையும் சிரிப்புமாகச் சுப்ரியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தப்பு என்னோடதுடி. உன்னைப் போய் சொன்னேனே."

"அதெல்லாம் அப்புறம், பௌதி. முதல்ல அந்தத் துணிய இப்படிக் குடுங்க." சுப்ரியா அதை இடுக்கியால் தூக்கிக்கொண்டு குப்பைக்கூடைப் பக்கம் கிளம்பினாள்.

ஸ்நேகாதான் நிதானத்தில் இருந்தாள். "அவசரப்படாதீங்க, ஆன்ட்டி. அழுக்கு இருக்குன்னு மட்டுந்தான் இது சொல்லும். என்ன கிருமின்னு சொல்லாது. துணியத் தூக்கிப் போடறதுக்கு முன்னாடி அதுலேந்து ஒரு சாம்பிள் எடுத்து லேப்ல வளர்த்துப் பாக்கறேன். நீங்க பத்து பாக்கெட் எடுத்து வெச்சுப் பாருங்க."

தண்ணீர் வடிய மேஜையின் ஒரு பக்கம் கட்டை கொடுத்து உயர்த்தி, மின்விசிறிக் காற்றிலேயே காயவிட்டார்கள். நாகலக்ஷ்மி பத்து பாக்கெட்டுக்கும் தேதி எழுதி ஃபிரிட்ஜில் வைத்தாள். முன்பு வாடை வந்தது இரண்டாம் நாளில்தான். அந்த நாள் தாண்டியது, மூன்றாம் நாளும் தாண்டியது. நான்காம் நாள் காலை பிரித்தபோது நல்ல மாவின் சுத்தமான புளிப்பு மூக்கில் ஏறியது. பத்தையும் பிரித்தாள். பத்தும் அப்படியே! துணியிலிருந்து எடுத்த சாம்பிளில் கெட்ட கிருமி மொய்த்துக் கிடக்கிறது என்று அன்றே ஸ்நேகாவின் போனும் வந்தது. கேன்டீன்காரரை நாகலக்ஷ்மியே அழைத்தாள். எதையும் மறைக்கவில்லை. அவர் ஒரு நாள் யோசித்துவிட்டு ஆர்டரை உறுதி செய்தார்.

ஸ்நேகா இதையே தன் புராஜெக்டாக எடுத்துக்கொண்டாள். மீட்டர் வாரம் ஒரு நாள் மாவுக்கூடத்துக்கு வர ஆரம்பித்தது. குச்சி போடுகிறவள் இப்போது சுப்ரியா. மூடியை ஒடித்து, குலுக்கி, மீட்டருக்குள் செருகும்போது அவளுக்கு ஒரு டாக்டரின் தோரணை. எல்லாரும் எண்ணை முன்கூட்டியே சொல்லிப் பந்தயம் கட்டுவார்கள். தோற்றவர் எல்லாருக்கும் டீ போட வேண்டும்.

பூஜை தொடங்கும் சஷ்டியன்று காலை அறுநூறு பாக்கெட் போக வேண்டியிருந்தது. தெருமுனைப் பந்தலில் டாக் மேளம் அதிர, வாசலில் வண்டி ஹாரன் அடித்தது.

"வண்டி நிக்கட்டும்," என்றாள் நாகலக்ஷ்மி. "இருபதுக்கு மேலதான் வரும், நான் சொல்றேன்."

"பத்துக்குள்ள!" என்றாள் சுப்ரியா.

மீட்டரில் ஆறு என்று வந்தது. நாகலக்ஷ்மி டீ போடப் போனாள்.