கோமதி அக்காவின் கடைசி ரீடிங்

வியாழக்கிழமை மதியம் கன்னட வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது, அப்பா கேட்டில் நிற்பதாக ஆயா வந்து சொன்னார். அந்த வாரத்தில் அப்பா என் பள்ளிக்கு வந்தது அது இரண்டாவது முறை. செவ்வாய்க்கிழமை வந்தபோது, பஸ்ஸை விட்டதற்காக என்னைத் திட்டிக்கொண்டே வண்டியில் ஏற்றிப் போனார். வியாழக்கிழமை திட்டவில்லை. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், "கோமதி போயிட்டா கண்ணு" என்றார். அவருடைய இடது மணிக்கட்டில் ஒரு சிவப்பு ரப்பர் பேண்ட் இருந்தது. நான் அதைத்தான் பார்த்தேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் பத்தாம் வகுப்பு படிக்கிறேன். கோமதி அக்கா எங்கள் வீட்டு மாடி அறையில் இரண்டு வருடம் குடியிருந்தார். அவர் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில்தான் அப்பாவும் வேலை பார்க்கிறார். அங்கே கேஸ் சிலிண்டர்களையும் ஜெனரேட்டரையும் பார்த்துக்கொள்வது அப்பா. ஞாயிற்றுக்கிழமை நடக்கும் இரங்கல் கூட்டத்தில் மற்றவர்கள் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் பேசுவார்கள், ஹனூரிலிருந்து வரும் அக்காவின் அம்மாவுக்குப் புரிய ஒருவராவது தமிழில் படிக்கட்டும் என்று மேனேஜர் சார் சொல்லியனுப்பினார். அம்மா என் பெயரைச் சொல்லிவிட்டார். நானும் ஒன்று எழுதி அம்மாவிடம் காட்டினேன். அது நல்ல கட்டுரை. அக்கா எப்போதும் சிரித்த முகத்துடன் இருப்பார் என்று அதில் மூன்று இடத்தில் வரும். இது வேறு. இதை எல்லோரும் தூங்கிய பிறகு சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா இருமினால் விளக்கை அணைத்துவிடுகிறேன்.

அக்கா எங்கள் வீட்டுக்கு வந்த முதல் மாதத்தில் ஒரு நாள், விடிந்தும் விடியாத நேரத்தில் எதிர்வீட்டு ராஜண்ணாவின் டெம்போவுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பையோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ராஜண்ணா சாவியைப் போடாமல் இறங்கி வந்தார்.

"ஏன் மேடம், நம்ம வண்டிக்கு பிளட் டெஸ்ட்டா?"

"ஆமாங்ண்ணா. ரிசல்ட் வரட்டும், பத்தியம் சொல்றேன். நீங்க ஸ்டார்ட் பண்ணுங்க."

"வண்டிக்கு ஏதாவது ஆயித்துன்னா நீங்கதான் ரிப்பேர்."

"புகையத்தானுங்ண்ணா எடுக்கறேன், டயரயா கழட்டறேன்?"

அவர் வண்டியின் புகையை ஐந்து பைகளில் பிடித்தார். ஒவ்வொரு பையிலும் எஞ்சின் ஓடத் தொடங்கி எத்தனை நிமிடம் என்று எழுதினார். எதற்கு என்று கேட்டேன். வண்டியின் அடியில் புகையைச் சுத்தம் செய்யும் பெட்டி ஒன்று இருக்கிறது, ஆனால் அது சூடானால்தான் வேலை செய்யும், குளிர்ந்த எஞ்சினை முடுக்கிய முதல் சில நிமிடங்களுக்கு நைட்ரஜன் ஆக்சைடு என்கிற விஷவாயு தடையில்லாமல் வெளியே போய்விடுகிறது என்றார். அந்தச் சில நிமிடங்கள்தான் அக்காவின் வேலை. ஜியோலைட் என்று ஒரு வெள்ளைப் பொடி. கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்தது. அந்தத் துளைகளுக்குள் பல்லேடியம் என்ற உலோகத்தைத் துளித்துளியாகக் குடியேற்றினால், குளிரில் வரும் வாயுவை அது பிடித்துவைத்துக்கொள்ளும். பெட்டி சூடானதும் விட்டுவிடும்.

"மழைக்கு பஸ் ஸ்டாண்டுல ஒதுங்கி நிக்கறமில்ல, அந்த மாதிரி கண்ணு. நிறுத்தி வெக்கறதுதான் நம்ம வேலை. சுத்தம் பண்றது பெட்டியோட வேலை" என்றார்.

உங்களில் பலருக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். நீங்கள் அவரோடு வேலை செய்தவர்கள். நான் எழுதுவது அவருடைய அம்மாவுக்காக. மகள் என்ன வேலை செய்தாள் என்று கேட்டால், "பொடி செய்யறா" என்றுதான் அவருக்குச் சொல்லத் தெரியும்.

போன மழைக்காலத்தில் அக்கா மாடிப்படியில் உட்கார்ந்து போனில் யாரோடோ வாதாடிக்கொண்டிருந்தார். நான் துணி எடுக்கப் போனவள் அங்கேயே நின்றுவிட்டேன். உலர்ந்த வாயுவில் அந்தப் பொடி மிக நன்றாக வேலை செய்தது. ஆனால் உண்மையான புகையில் நீராவி இருக்கிறது. நீராவியைக் கலந்ததும் பாதிகூடப் பிடிக்கவில்லை. உலர்ந்த வாயுவின் படத்தை மட்டும் அறிக்கையில் போட்டால் போதும் என்று அந்தப் பக்கத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

"இல்லைங் சார். எந்த வண்டியில சார் காஞ்ச புகை வருது? ரெண்டையும் போடறேன். இல்லீனா எம் பேர எடுத்துப்போடுங்க."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "பஸ்ல ஏறறதுக்கு முன்னாடியே ஜன்னல் வழியா துண்டப் போட்டு சீட்டுப் புடிப்பாங்கல்ல? தண்ணி அப்படித்தான் பண்ணுது. துளைக்குள்ள முன்னாடியே போயி உக்காந்துக்குது. வாயுவுக்கு எடமில்ல." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு இன்னொன்று சொன்னார். "வந்த ரீடிங்க மட்டும் எழுதிட்டு வராதத விட்டுட்டா, அது நோட்டில்ல கண்ணு, கதை. வராததும் ரீடிங்தான். எழுதி வெக்கோணும்."

இப்போது ரப்பர் பேண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சிலிண்டர் அறையில் கதவுக்கு மேலே ஒரு கருவி உண்டு. நைட்ரஜன் ஆக்சைடு கசிந்தால் அது அலாரம் அடிக்கும். அந்த அறையின் ஜன்னலுக்கு வெளியேதான் ஜெனரேட்டரின் புகைக்குழாய். கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடினால் அந்தப் புகை ஜன்னல் வழியாக உள்ளே வரும், அதிலும் அதே வாயு இருப்பதால் அலாரம் அலறும். கரண்ட் போகும்போதெல்லாம் அலறும். அதனால் அப்பா ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஜெனரேட்டரைப் போட்டதும், சாப்பாட்டுப் பாத்திரம் மூடுகிற நீல நிற பிளாஸ்டிக் உறையால் கருவியை மூடிவிடுவார். மறந்துவிடக் கூடாதென்று இடது கையில் சிவப்பு ரப்பர் பேண்டை மாட்டிக்கொள்வார். கரண்ட் வந்ததும் உறையை எடுப்பார், ரப்பர் பேண்டைக் கழற்றுவார். உங்கள் எல்லோருக்கும் இது தெரியும். அப்பாவின் கையைப் பார்த்தே கரண்ட் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடலாம் என்று நீங்கள் கேலி செய்ததை அப்பாவே வீட்டில் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அக்காவுக்கும் தெரியும். ஒரு நாள் எங்கள் வீட்டில் சாப்பிடும்போது, "அண்ணா, இது சரியில்லீங்க. குழாயத் திருப்பி வெக்கச் சொல்லி ரெண்டு தடவ எழுதிக் குடுத்துப்போட்டேன்" என்றார்.

"நான் என்ன மறக்கறவனா அம்மிணி?" என்றார் அப்பா.

"நீங்க மறக்க மாட்டீங்க. மனுசனுக்கு ஒரு நாள் வரும்" என்றார் அக்கா. அம்மா பேச்சை மாற்றி ரசம் ஊற்றினார். குழாயை யாரும் திருப்பவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை சிறப்பு வகுப்பு முடிந்து நான் வெளியே வருவதற்குள் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கலாம். ஆனால் மூன்று பையன்கள் நிறுத்தத்தில் நின்று ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். பயந்துபோய் பக்கத்துக் கடையிலிருந்து அப்பாவுக்குப் போன் செய்தேன். "ஜெனரேட்டர் ஓடுதும்மா, கரண்ட் வரட்டும்" என்றார். "இப்பவே வாங்கப்பா" என்றேன். அழுதும்விட்டேன். அவர் வந்தார்.

அவர் என்னை வீட்டில் விட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அங்கே கரண்ட் வந்திருக்கிறது. ஜெனரேட்டரை வேறு யாரோ அணைத்திருக்கிறார்கள். அக்கா புது சிலிண்டரை மாட்ட உள்ளே போயிருக்கிறார். இணைப்பு ஒன்று கசிந்திருக்கிறது. அப்பா அன்று திரும்ப அங்கே போகவில்லை.

இரவு அக்கா எங்களோடுதான் சாப்பிட்டார். இருமிக்கொண்டே இருந்தார். "சிலிண்டர் ரூம்ல ஜெனரேட்டர் புகை இன்னும் போகல போல. ஒரே நெடி. அலாரம் ஒண்ணும் அடிக்கல, அதான் நின்னு வேலைய முடிச்சிட்டு வந்தேன்" என்றார். அம்மா மிளகுப் பால் கொடுத்தார். எனக்கு நேரே அப்பா உட்கார்ந்திருந்தார். சோற்றைப் பிசையும் வலது கையை விட்டுவிட்டு, தட்டைப் பிடித்திருந்த இடது கையைப் பார்த்தேன். ரப்பர் பேண்ட் இருந்தது.

நான் கேட்கவில்லை. பஸ்ஸை விட்டதற்காக அப்பா இன்னும் கோபமாக இருந்தார், எதையாவது சொல்லி அதைக் கிளறக் கூடாது என்று நினைத்தேன். "அப்பா, கையில் என்ன?" என்று மூன்று வார்த்தை கேட்டிருந்தால், அக்காவுக்கு உடனே புரிந்திருக்கும். அந்த வாயு உள்ளே போனால் முதலில் ஒன்றும் தெரியாது, மணிக்கணக்கில் கழித்துத்தான் நுரையீரலில் நீர் கோக்கும் என்பது அவருக்குத் தெரியும். அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார். விடியற்காலையில் மூச்சு முட்டி மாடியிலிருந்து இறங்கி வந்து எங்கள் கதவைத் தட்டும்வரை காத்திருக்க மாட்டார்.

புதன்கிழமை மதியம் அப்பா, சாவி கொடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியிலிருந்து ஆய்வுக்கூடத்துக்குப் போய் வந்தார். அன்று மாலை அவருடைய சாப்பாட்டுப் பையைக் கழுவ எடுத்தேன். அடியில் நீல உறை மடித்து வைக்கப்பட்டிருந்தது.

பிறகு சிலிண்டர் அறையைச் சோதிக்க வந்தவர்கள் கருவி நன்றாக வேலை செய்கிறது என்றார்கள். பழைய கருவி, அடித்ததா இல்லையா என்று அதில் பதிவு இருக்காது. வேலை செய்கிற கருவி அடித்திருக்கத்தான் வேண்டும், அலாரம் அடித்தும் அந்தப் பெண் அலட்சியமாக நின்றிருக்கிறாள் என்று பேச்சு வந்துவிட்டது. சவத்தை ஹனூருக்கு எடுத்துப்போகும்போது அக்காவின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"மணி அடிச்சுதாமா கண்ணு. அடுப்ப அணைச்சமான்னு மூணு தடவ எந்திரிச்சுப் பாக்கற புள்ள அவ. மணி அடிச்சும் எதுக்கு சாமி அங்கயே நின்னா? சாகோணும்னே நின்னாளா? எங்கிட்டச் சொல்லாம அவளுக்கு என்ன கொறை?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்பா பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவரும் குனிந்துகொண்டார்.

அப்பா, ஞாயிற்றுக்கிழமை நான் இதைப் படிக்கும்போது நீங்கள் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பீர்கள். உங்களிடம் முன்பே காட்டியிருக்க வேண்டும். காட்டினால் நீங்கள் அழுவீர்கள், நீங்கள் அழுதால் நான் கிழித்துவிடுவேன். உங்கள் வேலை போய்விடுமா, போலீஸ் வருமா, அம்மா என்னிடம் பேசுவாரா, எதுவும் எனக்குத் தெரியவில்லை. பயமாக இருக்கிறது. ஆனால் நீங்கள் இன்னும் ரப்பர் பேண்டைக் கழற்றவில்லை. குளிக்கும்போதும் போட்டிருக்கிறீர்கள். அந்த இடத்தில் தோல் சிவந்து கோடு விழுந்திருக்கிறது. உங்களாலும் இதை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை என்று நினைக்கிறேன்.

உங்களைக் கூப்பிட்டது நான். குழாயைத் திருப்பாதது நீங்கள் அல்ல. அதையும் எழுதிவிட்டேன். இதில் யாரையும் விடவில்லை.

கோமதி அக்கா போன பிறகு என்னிடம் மிஞ்சியவை இரண்டு. ஒன்று அந்த நீல உறை. என் அட்லஸுக்குள் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுவருவேன். இன்னொன்று, வராத ரீடிங்கையும் எழுதி வைக்க வேண்டும் என்று அவர் சொன்னது. அம்மா பார்த்த கட்டுரையை என் பையிலிருந்து எடுத்துவிட்டு இதை வைக்கப்போகிறேன்.

அம்மா, உங்கள் மகள் சாக வேண்டும் என்று நிற்கவில்லை. அலட்சியமாகவும் நிற்கவில்லை. அவர் எழுதியிருக்க வேண்டிய கடைசி ரீடிங்கை அவருக்குப் பதிலாக நான் எழுதுகிறேன்:

செவ்வாய்க்கிழமை, மாலை. சிலிண்டர் அறை. வாயு இருந்தது. கருவி மூடியிருந்தது. அலாரம் அடிக்கவில்லை.