குறைக்குடத்தையும் எண்ணிய மாசி

“நாளுக்கு ரெண்டு குடம் கொறையுது. இன்னும் ஆறே நாள்ல பீலி செத்துரும். இதச் சொல்றதுக்குப் பள்ளிக்கூடத்துக்கா போகணும்?”

தலைவர் மாமா இதைச் சொன்னபோது, என் தலையிலிருந்த குடம் தளும்பி, காதோரமாய் வழிந்த குளிர்ந்த நீர் கழுத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மாமா அம்மாவின் அண்ணன். ஹேவாஹெட்டப் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் தலைவர். மலை ஊற்றை மூங்கில் வழியாக இறக்கி விழவைத்த இடத்தைத்தான் நாங்கள் “பீலி” என்போம். அந்த வருடம் தையிலேயே மழை நின்றுவிட்டது. மாசியில், மன்மதன் எரிந்த கதையை ஆடும் காமன் கூத்தை நடத்துவதா, விடுவதா என்று முடிவெடுக்கத்தான் எங்கள் லயத்து வரிசை வீடுகளின் ஆட்கள் அன்று பீலியடியில் கூடியிருந்தார்கள்.

காமன் கம்பத்தை ஊன்றிக் காப்புக் கட்டிவிட்டால் பௌர்ணமியில் காமனை எரிக்கும்வரை பன்னிரண்டு நாளும் நிறுத்தக்கூடாது. நடுவில் நின்றால் தோட்டத்துக்கே ஆகாது என்பார்கள். அப்பாவுக்கு அந்த வருடம்தான் முதன்முதலாக ரதி வேஷம் கிடைத்திருந்தது. பேச்சு முடியுமுன்பே அவர் மீசையை மழித்துவிட்டு வந்து நின்றதைப் பார்த்து, “மீசையும் போச்சு, கூத்தும் போச்சு” என்று அம்மா வாயைப் பொத்திச் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை.

காலையில் தொழிற்சாலைச் சங்கு இரண்டு முறை ஊதும். அந்த இரண்டு சங்குக்கும் நடுவில் பீலியில் விழும் தண்ணீர் கூத்து நாட்களில், ஆட்டம் நடக்கும் திடலான காமன் பொட்டலுக்குச் சொந்தம். சமையலும் வேஷக்காரர் குளிப்பும் அதில்தான். நாளுக்கு ஏழு குடமாவது வேண்டும். அதனால்தான் மாமா நான்கு நாட்களாகச் சங்குக்குச் சங்கு குடங்களை எண்ணிவந்தார். இருபது, பதினெட்டு, பதினாறு, பதினான்கு. இந்தக் கணக்கில் ஐந்தாம் நாள் காமன் ஊன்றினால், கூத்துத் தொடங்கி ஆறே நாளில் பீலி நின்றுவிடும். கிடைப்பது மொத்தம் நாற்பத்திரண்டு குடம். தேவையோ எண்பத்து நான்கு.

மாமாவின் எண்ணிக்கையில் பிழை இருந்தது என்று சொல்லமாட்டேன். எங்கள் வழக்கத்தில்தான் இருந்தது. இரண்டாம் சங்கு ஊதும்போது நிரம்பாமல் இருக்கும் குடத்தைச் சாமி காரியத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. அதை அடுத்து நிற்பவள் நிரப்பி வீட்டுக்கு எடுத்துப்போவாள். “குறைக்குடம்” எண்ணிக்கையில் சேராது. நான் வரிசையில் கடைசியாக நிற்பவள். அந்தக் குறைக்குடங்கள் எனக்குத்தான் வந்தன. மூன்றாம் நாள் அதில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர். நான்காம் நாள் பாதிக்கும் மேல். நாளுக்கு இரண்டு குடம் குறையவில்லை. முந்தின நாள் வந்ததில் பத்தில் ஒரு பங்குதான் குறைந்துகொண்டிருந்தது. தண்ணீர் குறையக் குறைய, குறைகிற அளவும் சிறுத்துக்கொண்டே வந்தது.

அந்த வாரம்தான் பதினோராம் வகுப்பில் பெருக்கல் விருத்தி நடந்தது. பாடத்தில் வந்த கணக்கு, வருடத்துக்கு நூற்றுக்குப் பத்து வீதம் விலை குறையும் ஒரு காரைப் பற்றியது. எங்கள் வகுப்பில் யாருடைய வீட்டிலும் கார் இல்லை. ஆனால் பீலி இருந்தது. ஐந்தாம் நாள் வரப்போகும் பதின்மூன்று குடத்துச் சொச்சத்தை முதல் உறுப்பாக வைத்து, ஒவ்வொரு நாளையும் பத்தில் ஒன்பதால் பெருக்கி, பன்னிரண்டு உறுப்புகளின் கூட்டுத்தொகையைச் சூத்திரத்தில் போட்டேன். ஏறக்குறைய தொண்ணூற்று நான்கு குடம். குறைக்குடங்களைக் கழித்தாலும் எண்பத்தெட்டு.

“காமன் ஊன்றலாம் மாமா. மொத நாளுகள்ல மிஞ்சுறத பீப்பாயில சேத்து வச்சா கடைசி வரைக்கும் தாங்கும்” என்றேன்.

“கொறைகுடம் கூத்தாடும்னு சும்மாவா சொன்னாங்க?” என்றார் மாமா. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பிறகு அவர் அப்பாவின் வழித்த முகத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “சரி புள்ள. ஆனா தண்ணி நின்னுச்சுன்னா, பரீட்ச முடிஞ்சதும் நீ கொழுந்துக் கூடையத் தூக்குற. கண்டிக்குப் போயி மேல படிக்கிறேன்னு வந்து நிக்கக்கூடாது.”

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் தலையாட்டிவிட்டேன்.

காமன் ஊன்றினார்கள். மாமா காலைதோறும் பீலியடியில் வந்து நின்றார். மிஞ்சிய தண்ணீர் கோயில் பீப்பாய்களுக்குப் போனது. பீலி செத்துப்போகும் என்று மாமா சொன்ன நாளும் வந்தது. முதல் சங்கு ஊதியது. மூங்கிலிலிருந்து விரல் கனத்தில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. ஒன்று, இரண்டு என்று ஆறு குடங்கள் நிரம்பின. ஏழாவது குடம் கழுத்தை எட்டும்போது இரண்டாம் சங்கு ஊதிவிட்டது. வழக்கப்படி அதை என் பக்கம் நகர்த்தினார்கள்.

மாமா குனிந்து குடத்துக்குள் பார்த்தார். பிறகு, “அதயும் பொட்டலுக்குத் தூக்குங்க” என்றார். “அதயும் சேத்து எண்ணுங்க.”

லயத்தில் யாரும் கேட்டிராத வார்த்தை அது. ஒரு கிழவர் வாயைத் திறக்கப்போனார். “சாமிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்” என்று மாமா நடந்துவிட்டார்.

பௌர்ணமி இரவில் அப்பா ரதியாக நின்று அழுதபோது பொட்டலே அழுதது. நான் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தேன்; பீப்பாயில் இன்னும் தண்ணீர் இருந்தது. மாமா ஒரு செம்பு மொண்டு, மஞ்சள் கரைத்து, எல்லோர் முன்னிலும் என் தலையில் ஊற்றினார். “எப்படி எங்க கணக்கு?” என்றார். அவருடைய கணக்காம்! ஊரே சிரித்தது. அந்த வருட முடிவில், கண்டிக்குப் போகும் முதல் பஸ்ஸில் என் பெட்டியை ஏற்றியவரும் அவர்தான்.

இப்போது லயத்துக்கு லயம் குழாய் வந்துவிட்டது. சங்கு ஊதுவதில்லை. மூங்கில் இருந்த இடத்தில் பிளாஸ்டிக் குழாய் இருக்கிறது. குறைக்குடம் என்றால் என்னவென்று அங்குள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. தண்ணீருக்கு வரிசையில் நிற்காத பிள்ளைகள், நிற்கவும் வேண்டாம். ஆனால் மாசி வந்தால் மலை ஊற்றுகள் இன்றும் மெலிகின்றன. எந்த ஊற்று எவ்வளவு வேகமாக மெலிகிறது என்பதுதான் பொறியியல் பட்டத்துக்குப் பிறகு நான் எடுத்துக்கொண்ட ஆய்வு.

போன திங்கட்கிழமை எங்கள் பீலியின் தலையில், நீர்மட்டம் காட்டும் அளவுப் பலகையைப் பொருத்தினேன். ஆணி அடிக்கும்போது மாமா பலகையைப் பிடித்துக்கொண்டார். முதல் அளவை எடுத்தாயிற்று, கடைசித் துளிவரை.