குமரனின் அக்கா

செத்துப்போன ஒரு பையனை நான் திருடினேன். அவன் பெயர் குமரன். வெள்ளைக்காரர்கள் நடுவில் எழுந்து நின்று, அவன் என் தம்பி என்று சொல்லி அழுதேன். எனக்குத் தம்பியே கிடையாது!

திருச்சியில் ஒற்றைப் பிள்ளையாகச் செல்லமாய் வளர்ந்தவள் நான். வெடிச்சத்தம் கேட்டதெல்லாம் தீபாவளிக்குத்தான். குமரன், ரதி அக்காவின் தம்பி. யாழ்ப்பாணத்துக்காரரான ரதி அக்கா ஆக்லாந்தின் லின்ஃபீல்டில் எங்கள் பக்கத்து வீடு. பென்ரோஸில் ஒரு கிடங்கில் வேலை. ஒருநாள் என் சமையலறையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார். போர்க்காலத்தில் பதுங்குகுழிக்குள் இருந்தார்களாம். வெளியே மழை. "என்ர புதுச் செருப்பு நனையுது" என்று இவர் சொல்ல, எடுத்துவர ஓடியிருக்கிறான் தம்பி. ஷெல் விழுந்தது. "உம்மட்ட மட்டும்தான் சொல்லுறன்" என்றார்.

என்னிடம் மட்டும்... கேட்டுக்கொள்ளுங்கள்!

எனக்கு என்ன குறை? ஐடி வேலை, வீடு, ஊருக்குப் போய்வர விடுமுறை. ஆனாலும் உள்ளே காய்ந்து கிடந்தேன். ஆன்மாவைப் புதுப்பிக்கிறேன் பேர்வழி என்று, ஆக்லாந்துக்கு வெளியே குவேக்கர்கள் நடத்தும் தியான இல்லத்துக்கு ஒரு வார இறுதியில் போனேன்.

குவேக்கர்கள் கிறிஸ்தவர்களில் ஒரு பிரிவினர். அங்கே பாதிரியார் இல்லை, பாட்டு இல்லை, பிரசங்கம் இல்லை. வட்டமாக உட்கார்ந்து மௌனமாக இருப்பார்கள். உள்ளிருந்து ஏதோ உந்தினால் ஒருவர் எழுந்து நாலு வார்த்தை பேசுவார். அதற்கு யாரும் பதில் சொல்லமாட்டார்கள். மறுபடியும் மௌனம்தான்.

அன்று ஒரு முதியவர் எழுந்து, இறந்துபோன மனைவியைப் பற்றிப் பேசினார். எல்லோர் முகமும் கனிந்தது. எனக்கு வந்தது என்ன தெரியுமா? பொறாமை! பெண்டாட்டியைப் பறிகொடுத்த கிழவர்மேல் பொறாமை... தூ!

ஏதோ ஒரு சக்தி என்னை எழுப்பியது என்று சொல்ல ஆசைதான். இல்லை. நானேதான் எழுந்தேன். மழை, பதுங்குகுழி, தம்பி, எல்லாவற்றையும் சொன்னேன். செருப்புக்கு நீலநிற வார்கூட நானாகவே வைத்துத் தைத்தேன். குரல் தழுதழுத்தது. கண்ணீரும் வந்தது, வெட்கமில்லாமல்!

யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அவர்கள் வழக்கம் அப்படி. பிறகு தேநீர் வேளையில், இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் மார்கரெட் என் கையைப் பிடித்து, உன் தம்பியின் பெயர் என்ன என்று மட்டும் கேட்டார். வாய்க்கு வந்த எதையாவது சொல்லியிருக்கலாமே? "குமரன்" என்றேன். அந்தத் தேநீர் அவ்வளவு ருசியாக இருந்தது. இப்போது நினைத்தால் குமட்டுகிறது.

வீடு திரும்பி ரதி அக்காவிடம் அந்த மௌனத்தைப் பற்றிப் பீற்றிக்கொண்டேன். நானும் வரட்டோ என்று கேட்டார். என்ன சொல்லித் தட்டிக்கழிப்பது? இத்தனை வருடம் வாய் திறக்காதவர் அங்கே போயா திறக்கப்போகிறார் என்று நினைத்து, அடுத்த மாதம் அழைத்துப்போனேன்.

மௌனத்தின் நடுவில் ரதி அக்கா எழுந்தார்.

"எனக்கு இங்கிலீஷ் வராது. தமிழிலதான் சொல்லுவன்" என்றார். "குமரன் எண்டு எனக்கொரு தம்பி. என்ர செருப்பை எடுக்கப் போய்ச் செத்தவன். நான் சொல்லித்தான் போனவன். நான் மன்னிப்புக் கேக்கோணும். ஆரிட்டக் கேக்கிறதெண்டு தெரியேல்லை. உங்களிட்டக் கேக்கிறன்."

உட்கார்ந்துவிட்டார். அவர்களுக்குப் புரிந்த ஒரே சொல் 'குமரன்'. மார்கரெட் என்னைத் திரும்பிப் பார்த்தார். வட்டத்தில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள், நான் ஆங்கிலத்தில் சொல்வேன் என்று. ரதி அக்காவும் பார்த்தார்.

ஒரே வாக்கியம் போதுமாயிருந்தது. அவன் இவருடைய தம்பி, நான் பொய்க்காரி! சொன்னேனா?

"என் தோழி என் தம்பி குமரனுக்காக வருந்துகிறார். எனக்கு ஆறுதல் கிடைக்க வேண்டிக்கொள்கிறார்" என்று, நல்ல ஆங்கிலத்தில், தெளிவாகச் சொன்னேன்.

கூட்டம் முடிந்து எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். மார்கரெட் நேரே வந்து என்னைக் கட்டிக்கொண்டார். அழுது சிவந்த கண்களோடு ரதி அக்கா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். 'நல்ல தோழி' என்று அவர் தோளில் ஒரு தட்டு. அவ்வளவுதான்.

காரில் கேட்டார்: "நான் அழ, அந்த மனுசி ஏன் உம்மைக் கட்டிப்பிடிச்சவ?"

"இங்கிலீஷ்ல சொல்லும்போது எனக்கும் அழுகை வந்திருச்சுக்கா. அதான்."

"எனக்காக அழுதனீரோ..." என்று என் தோளைத் தடவினார். தடவினார்! ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த என் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

"அவன்ர பேரைச் சொன்னனீரோ?"

"சொன்னேங்க்கா."

"நான் மன்னிப்புக் கேட்டதை?"

"அதையும் சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னவை?"

"அவங்க பதில் சொல்லமாட்டாங்கக்கா. அது அவங்க வழக்கம்."

ரதி அக்கா "ஓம்... இதுக்கு என்னத்தைச் சொல்லுறது" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

என்னைத் திட்டிவிட்டுப் போய்விடாதீர்கள், இன்னும் இருக்கிறது. நான் நிறுத்தவில்லை. ஒவ்வொரு மாதமும் அவர் என்னோடு வருகிறார். மறுக்க எனக்குத் துணிவில்லை. மற்றவர்கள் கண்ணை மூடியிருக்க, அவர் மட்டும் மூடுவதில்லை. யாராவது வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லிவிடமாட்டார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பக்கத்தில் உட்கார்ந்து மார்கரெட் என் கையைப் பிடித்துக்கொள்கிறார்.