வெள்ளிக்குள்ளா, வெள்ளி வரைக்குமா

போன வாரம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் மின்னஞ்சல் தட்டிக்கொண்டே திரும்பி, "அண்ணே, பை ஃப்ரைடேயா, டில் ஃப்ரைடேயா?" என்று கேட்டாள். வெள்ளிக்குள் முடியும் என்றால் பை. வெள்ளி வரை நீளும் என்றால் டில். சொல்லிவிட்டேன். அந்த நேரம் பார்த்துத் தரை துடைக்க வந்தவர் பினாயிலை ஊற்றினார். அந்த வாடை என்னைத் தெற்குவாசல் பக்கத்துப் பழைய வீட்டுக்கே கொண்டுபோய்விட்டது.

அக்கா அங்கே பிரசவத்துக்கு வந்திருந்தாள். நிறைமாதத்திலும் வாந்தி நிற்கவில்லை. அம்மா பொழுதுக்கும் பினாயில் போட்டுத் துடைப்பாள். மச்சான் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். அடிக்கடி கூப்பிடுகிறவர் அந்த வாரம் கூப்பிடவே இல்லை.

வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவன் என்று எனக்குப் பேர். பசுமலையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போய், 'ஹவ் ஆர் யூ'வைத் தாண்டாமல் திரும்பியவன் என்பது எனக்கும் வாத்தியாருக்கும் மட்டுந்தான் தெரியும். அத்தா என்றுதான் அப்பாவைக் கூப்பிடுவோம்; அவர் மச்சானுக்குப் போன் போட்டு, இங்கிலீஷ் கேட்டதும் என்னிடம் நீட்டிவிட்டார். மச்சானின் போனை எடுத்தது அவரோடு தங்கியிருந்த நேபாளத்துக்காரர். "ஃபால் டவுன். ஹாஸ்பிடல். பை ஃப்ரைடே," என்றார். அதோடு வெளிநாட்டுக்குப் பேசும் கார்டில் பேலன்ஸ் தீர்ந்துவிட்டது.

"என்னடா சொல்றாக?" என்றாள் அக்கா.

"கீழ விழுந்துட்டாராம்க்கா. ஆஸ்பத்திரில இருக்காரு. வெள்ளிக்கெழமைன்னு என்னமோ சொன்னாரு."

"வெள்ளிக்கெழமை என்ன? வந்துருவாகளா?"

எனக்கு விளங்கவில்லை. வெள்ளிக்குள் திரும்பிவிடுவாரா? இல்லை, டில் என்பதைத்தான் அந்த மனுஷன் பை என்கிறாரா? வெள்ளி வரை கிடக்கவேண்டும் என்றால் அடி பலமா? வெள்ளிக்குள் ஆபரேஷனா? அதற்கு மேல் நினைக்கவே பயமாக இருந்தது. தெரியவில்லை என்றே சொன்னேன்.

"இம்புட்டு படிச்சும் ஒரு வார்த்தை வெளங்கலையாடா?" என்றார் அத்தா. கோபமில்லை அது, பயம்.

ஓடிப்போய்க் கார்டு வாங்கிவந்து போட்டால் அந்தப் பக்கம் போன் அணைந்து கிடந்தது. மறுநாளும் அப்படியே. அம்மா உலை வைக்க மறந்தாள். அக்கா வயிற்றில் கைவைத்துச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பிள்ள அசைய மாட்டேங்குதும்மா," என்றாள் ஒரு தடவை.

சாயங்காலம் லைன் கிடைத்தது. பையா டில்லா என்று கேட்க, நீளமான ஒரு கேள்வியை மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன். பாதியிலேயே அக்கா போனைப் பிடுங்கினாள்.

"ஹஸ்பெண்ட்... ஈட்டிங்?"

"ஈட்டிங், சிஸ்டர்."

"டாக்கிங்?"

"டாக்கிங். டூ மச் டாக்கிங்!"

அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "அவுகதான்டா. அம்புட்டுப் பேச்சு வேற யாரு பேசுவா?" ராத்திரிக்குள் பிள்ளையும் உதைத்துவிட்டது.

கடைசியில் வெள்ளிக்குள்ளும் வரவில்லை, வெள்ளியோடும் முடியவில்லை. ஏணியிலிருந்து விழுந்ததில் இடுப்பெலும்பு முறிவு. மகள் தவழத் தொடங்கிய பிறகுதான் மச்சான் ஊன்றுகோலோடு ஊர் வந்து சேர்ந்தார். வேலை முடிந்து தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்து அந்த நேபாளத்துக்காரர் சோறு ஊட்டிவிட்டதை மச்சான் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். இப்போது ஒத்தக்கடையில் சொந்தமாக ஏசி சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். நடை கொஞ்சம் சாய்வு, பேச்சு குறையவில்லை.

இன்றைக்கு எந்த நாட்டிலிருந்து கூப்பிட்டாலும் முகமே தெரிகிறது. அந்த நேபாளத்துக்காரரின் முகத்தை மட்டும் எங்கள் வீட்டில் யாரும் பார்த்ததில்லை. அவர்கள் தங்கியிருந்த தொழிலாளர் முகாமை மூடியபோது ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். மகளைப் பேசவைக்கலாம் என்று மச்சான் ஒருநாள் அவருடைய நம்பரைப் போட்டார். நம்பர் கைமாறிவிட்டிருந்தது; யாரோ ஒரு பெண் எடுத்து, அரபியில் ஏதோ கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.