பதினொரு கிலோ பிள்ளை

வெள்ளிக்கிழமை காலை, திருநகர் டீக்கடையில் வடையைப் பிய்த்தபடி ஒரு பொய்யைத் தட்டிக்கொண்டிருந்தேன். 'ஞாயிற்றுக்கிழமைப் பாதையை நடந்து பார்த்தாச்சு, பிள்ளைகளோடு தாராளமாக வரலாம்' என்று, நம் நடைக்குழுவின் வாட்ஸ்அப்புக்கு. அனுப்புவதற்குள் சரோஜா மதினியிடமிருந்து போன். "தம்பி, அண்ணன் எந்திரிக்கல" என்றார். ராசாங்கம் அண்ணன் தூக்கத்திலேயே போய்விட்டார்.

ஓய்வுபெற்ற சர்வேயர். ஆறு வருடமாக, சின்னப் பிள்ளைகள் உள்ள நம் குடும்பங்களுக்கு மதுரையைச் சுற்றி மாதம் ஒரு நடைபாதை பார்த்துச் சொன்னவர். அதற்கு முன் அந்தப் பொறுப்பு என்னிடம் இருந்ததை மறந்துவிட்ட அனைவருக்கும் நன்றி. மறக்காதவள் என் மனைவி. ஒரு பாறையின் போட்டோ அழகாக இருந்ததென்று உங்களை உச்சிவெயிலில் ஏற்றினேன். ஏழு பிள்ளைகள் ஒரே சுதியில் அழுதார்கள். மூன்று வயது மகளை மனைவி தூக்க, நான் கேமராவைத் தூக்கினேன். இதை இன்றும் கல்யாண வீடுகளில் பந்திக்கு முன் சொல்கிறாள்.

அன்று பேரனோடு வந்திருந்த அண்ணன் என் தோளைத் தட்டினார். "மாப்ள, மலை ஒனக்குத்தான் பிடிச்சிருக்கு. பிள்ளைக்கு எறும்பும் ஓடுற தண்ணியும் போதும்."

அடுத்த மாதம் ஒரு துணிப்பையோடு வந்தார். உள்ளே பதினொரு கிலோ அரிசி. அதை இடுப்பில் வைத்துக்கொண்டு, நாம் திரும்பிவரும் நேரத்து வெயிலில் முழுப்பாதையும் முன்கூட்டியே நடப்பார். "எந்தப் பிள்ளையும் முழுசா நடக்காது. பாதிக்கு மேல நம்ம இடுப்புதான் நடக்கும்" என்பார். இடுப்பு முதலில் கெஞ்சும் இடத்தில் பையை இறக்குவார். அதற்குப் பெயர் 'பிள்ளை உக்காந்துருச்சு'. அங்கே நிழலும் ஆட்டோ வர வழியும் இருந்தால் பாதை தேறியது. இல்லாவிட்டால், எத்தனை மயில் ஆடினாலும் அந்தப் பாதையைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்.

ஒருமுறை வாடிப்பட்டிப் பக்கம் நானும் கூடப் போனேன். வெயிலுக்குப் பையின் தலையில் துண்டைப் போர்த்தியிருந்தார். களையெடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா எட்டிப் பார்த்தது.

"பிள்ளைக்கு என்ன வயசுண்ணே?"

"மூணாகப் போகுதுத்தா. இன்னும் பேச்சு வரல."

"பாவம், இம்புட்டு வெயில்ல தூக்கிட்டுப் போறீகளே" என்று அது ஒரு வெள்ளரிப்பிஞ்சு கொடுத்தது. பிள்ளைக்குக் கொடுத்ததை அண்ணனே தின்றார். எனக்குப் பாதி தரவில்லை.

அவர் போவதற்கு இரண்டு நாள் முன், புதன்கிழமை, இடுப்பு பிடித்திருக்கிறது என்று பையை என்னிடம் தந்தார். ஞாயிற்றுக்கிழமை நடைக்கு, மேலூர்ப் பக்கம் ஒரு வாய்க்கால் கரை. நான் ஸ்கூட்டரில் போய், வேப்பமர நிழலைத் தூரத்திலிருந்து ரசித்துவிட்டுத் திரும்பினேன். பை வண்டியைவிட்டு இறங்கவே இல்லை. வியாழன் மாலை போன் செய்தார்.

"எங்க உக்காந்துச்சு மாப்ள?"

"எங்கயும் உக்காரலண்ணே. தங்கமான பிள்ளை."

"அப்ப நீ வண்டியவிட்டு எறங்கல. சனிக்கிழம வெயில்ல போயிட்டு வா. பதினெட்டுக் குடும்பம் வருதுடா."

மாட்டிக்கொண்ட பிறகும்தான் மறுநாள் காலை அந்தப் பொய்யைத் தட்டினேன்.

துக்க வீட்டில், யாரும் பாதையைப் பற்றிக் கேட்டுவிடக் கூடாதென்று நான்கு முறை நாற்காலி மாறினேன். கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் மெதுவாகக் கேட்டார். "ஞாயித்துக்கிழமை அவரு பாத்த பாதைதானேண்ணே? கடைசியா அதுலயாச்சும் நடந்துட்டு வரலாம்னு பாத்தோம்." நான் "ம்" என்றேன். அந்த 'ம்' அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை.

சனிக்கிழமை பையைத் தூக்கினேன். ஐந்தாவது நிமிடம் இடது இடுப்பு, ஏழாவது நிமிடம் வலது இடுப்பு. மரங்கள் முடிந்து கரை வளையும் இடத்தில் பிள்ளை உட்கார்ந்துவிட்டது. மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். பத்தடி தள்ளி, கருவேலம் புதருக்குப் பின்னால், கைவிட்ட கல்குவாரிப் பள்ளம். வேலி கிடையாது. பச்சைப்பசேலென்று தண்ணீர். எந்தப் பிள்ளையும் கையை உதறிக்கொண்டு ஓடும் பச்சை. நானும் பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

விரல் தானாக அவர் எண்ணுக்குப் போனது. எங்கே உட்கார்ந்தது என்று சொல்ல எனக்கு முதல்முறையாக ஒரு பதில் இருந்தது.

பிறகு குழுவில் எழுதினேன்: 'நாளை நடை இல்லை. இந்தப் பாதையை அண்ணன் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். பிள்ளைகளுக்கு ஆகாது.' ஏன் என்று அன்று யாரும் கேட்கவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

பையைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது மதினி வாங்கவில்லை. "இங்க இருந்தா நான் ஒலையில போட்டுருவேன் தம்பி. நீங்களே வச்சுக்கங்க."

ஆக, அவரிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரு பை, இரண்டு இடுப்பிலும் வலி, கேட்க ஆளில்லாத ஒரு கேள்வி. இனி பாதை பார்ப்பது நான்தான். ஒவ்வொரு முறையும் உங்களில் யாராவது போன் போட்டு, எங்கே உட்கார்ந்தது என்று கேட்டுவிடுங்கள். கேட்காவிட்டால் வண்டியிலேயே போய் வந்துவிடுவேன். என்னை உங்களுக்குத் தெரியும்.