புத்தூர் ரயிலில் ஒரு பெரிய ஃபைல்

திருப்பதியிலிருந்து புத்தூர் திரும்பும் ரயில். நாளை ஆபீசில் டெமோ. மாங்காய் மண்டி விலை ஃபைலை ஹாஸ்கெல் என்ற கணினி மொழியில் நான் எழுதிய புரோகிராம் திறந்தாலே லேப்டாப் உறைந்துபோகிறது.

பக்கத்திலிருந்த தோழி சுகந்தி எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடீ, அம்மாம் பெரிய ஃபைல முழுசா மெமரில ஏத்திக்கினு கீற? வரி வரியா படிச்சி, அப்பப்பவே கூட்டச் சொல்லு. ஹாஸ்கெல் சோம்பேறி. சொல்லலன்னா எல்லா கூட்டலையும் அப்புறம் பாத்துக்கலாம்னு சேத்து வெச்சிக்கும்."

மாற்றினேன். ரேணிகுண்டா வருவதற்குள் மொத்தமும் ஓடி முடிந்தது. சந்தோஷத்தில் கத்தியே விட்டேன்!

எதிர் சீட்டு அம்மா எனக்கு வேலை கிடைத்துவிட்டதென்றே முடிவு செய்துவிட்டார். "ஜாப் ஒச்சிந்தா தல்லி!" என்று தெலுங்கில் பூரித்து, பிரசாத லட்டை முழுசாக என் வாயில் திணித்தார்.

லட்டையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும் என்று அவருக்கு யார் சொல்வது?