மருந்தடிக்கும் இன்ஜினில் ஒரு விமானம்

என் அக்கா வீட்டுக்காரர் வெள்ளைத்துரை போடியில் ஜீப்பு மெக்கானிக். ஏலத்தோட்டங்களுக்கு மேலும் கீழும் போய்வந்த ஜீப்புகளில் பாதி அவர் கைபட்டு ஓடின. மீதிப் பாதி அவர் கைபடக் காத்து நின்றன. நான் சோணை, ஜீப்பு டிரைவர். காத்து நின்ற வண்டிகளில் என்னுடையதும் ஒன்று. அதனால் அவரைப் பற்றிச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரும், பொறுத்துக்கொள்ளுங்கள். பிரேக்கைப் பாருங்கள் என்று போய் நின்றால், "இந்தா முடிச்சுர்றேன் மாப்ளே" என்று சொல்லிவிட்டு இலவ மரக்கட்டையைச் சீவிக்கொண்டிருப்பார். ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை. ஆறு வருஷம்!

தரையில் நின்றபடி கையில் ஒரு பெட்டியை வைத்து, அதில் இரண்டு குச்சிகளை அசைத்து, வானத்தில் விமானம் ஓட்ட வேண்டும். அதுதான் அவருக்குப் பிடித்திருந்த பைத்தியம். தன் மோட்டார் சைக்கிளை ஒருவரிடம் தள்ளிவிட்டு, அதற்குப் பதிலாக மெட்ராசிலிருந்து அந்த ரேடியோப் பெட்டியை வரவழைத்தார். சின்னதாக மூன்று விமானம் செய்து ஓட்டிப் பழகினார். மூன்றும் போடி வேலிகளில் முள்ளோடு முள்ளாகப் போய்ச் சேர்ந்தன. ஊரில் அவரைப் 'பிளேன்காரர்' என்று கேலி பேசினார்கள். உண்மையைச் சொன்னால், அந்தப் பெயரைக் கிளப்பிவிட்டதே நான்தான்.

1983-ல் நாலாவதை முடித்தார். இதற்கு இறக்கை மட்டும் எட்டடி. இறக்கைக்குள் இலவ மரச் சட்டம். போடியில் இலவ மரத்துக்கா பஞ்சம்? உடம்புக்கு மலையிலிருந்து கொண்டுவந்த ஈத்தை மூங்கில் குச்சி. மேலே மெல்லிய மல்துணி, மைதாப் பசை. முன்னால் சுற்றும் காற்றாடியைத் தேக்கில் அவரே செதுக்கினார். எல்லாம் இருந்தது. இன்ஜின் மட்டும் இல்லை.

ஏலச்செடிக்கு மருந்தடிக்க முதுகில் ஒரு மிஷினை மாட்டிக்கொள்வார்களே, அதில் இருக்கும் பெட்ரோல் இன்ஜின்தான் அவருக்கு வேண்டும். குரங்கணிக்கு மேலே அவர் வழக்கமாக ரிப்பேர் பார்க்கும் ஒரு எஸ்டேட்டில் போய்க் கேட்டார். அங்கே சூப்பர்வைசர் பால்சாமி.

"ஞாயித்துக்கிழமை ஒரு நாள் தர்றேன், வெள்ளைத்துரை. எஸ்டேட்டு எல்லையைத் தாண்டப்படாது. திங்கக்கிழமை காலைல மருந்தடிச்சே ஆகணும், செடி பூரா பூச்சி. இருக்கிறது இந்த ஒரு இன்ஜினுதான். இது ஒடைஞ்சுச்சுன்னா இங்கிட்டு உனக்குச் சோலி கிடையாது."

அந்த எஸ்டேட்டு வேலையில்தான் மச்சான் வீட்டில் உலை கொதித்தது. இருந்தும் "சரிண்ணே" என்று சொல்லிவிட்டு வந்தார். எனக்கு அவரை அடிக்கலாம் போல இருந்தது.

எடையைப் போடியிலேயே சரிபார்த்தார். அதே மாடலில் செத்துப்போன இன்ஜின் ஒன்றை மூக்கில் மாட்டிக்கொண்டார். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி, இந்தப் பக்கம் ஒரு கட்டை, அந்தப் பக்கம் ஒரு கட்டை நட்டு விமானத்தைத் தாங்க வைத்தார். மட்டமாக நிற்க வேண்டும். வால் கனத்தால் ஏறும்போதே மூக்கைத் தூக்கி, அந்தரத்தில் நின்று, பொத்தென்று விழுந்துவிடும். அந்தப் பயத்தில்தான் இறக்கை முழுக்க வார்னிஷ் பூசியவர், கனம் ஏறிவிடும் என்று வாலுக்கு மட்டும் ஒரு சொட்டுக்கூடத் தடவவில்லை. உடம்பின் மேல் ரசமட்டத்தை வைத்து, மூக்கில் ஈயத்துண்டைச் சேர்ப்பதும் எடுப்பதுமாக ஒரு பகல் போனது. கடைசியில் குமிழி நட்ட நடுவில் நின்றபோது என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை என் ஜீப்பில் மேலே ஏற்றினோம். அக்கா அன்னக்கொடியும் வந்தாள். அவள் போடியில் ஏலக்காய் பொறுக்கும் வேலைக்குப் போகிறவள். வீட்டை இத்தனை வருஷம் அடைத்துக்கொண்டு கிடந்தது அப்படி என்னதான் செய்யும் என்று பார்த்துவிட வேண்டுமாம். எஸ்டேட்டு வேலை முடிந்ததும் அன்று சாயங்காலமே நிஜ இன்ஜினை வாங்கி மாட்டி, விமானத்தை எஸ்டேட்டுக் கொட்டகையில் வைத்தோம்.

ஞாயிறு காலையில் மலை முழுக்க மூடுபனி. அது விலகியதும் எஸ்டேட்டுக்குள்ளேயே இருந்த புல்மேட்டுக்குத் தூக்கிப்போனோம். மச்சான் ஒரு இறக்கை, நான் ஒரு இறக்கை, அக்கா வால்.

"தம்பி, வாலு கனக்குதுடா" என்றாள் அக்கா.

"ரசமட்டம் வச்சே பார்த்தாச்சு. நீ சும்மா தூக்குக்கா."

"நேத்து ஜீப்புல ஏத்துறப்ப இப்படிக் கனக்கல."

"காத்து எந்திரிச்சுட்டா எல்லாம் போச்சு, வெரசா வா!" என்று கத்தினேன்.

அவள் வாலை அப்படியே கீழே வைத்துவிட்டாள். காய் பொறுக்குகிறவர்கள் ஒரு காயை எடுத்துக் காதருகே குலுக்குவார்கள். காய்ந்ததென்றால் உள்ளே விதை கலகலக்கும், ஈரமென்றால் சத்தம் வராது. அந்தப் பழக்கத்தில் அவள் இறக்கைத் துணியை நகத்தால் சுண்டினாள். 'டிம்' என்றது. வாலைச் சுண்டினாள். 'தொப்' என்றது.

"ஏங்க, வாலு ஈரம் குடிச்சிருக்குங்க."

மச்சான் முகம் வெளுத்துவிட்டது. கட்டைகளை நட்டு விமானத்தை வைத்தோம். வால் சரசரவென்று கீழே இறங்கித் தரையைத் தொட்டது. கனம் கூடாது என்று வார்னிஷ் பூசாமல் விட்டாரே, அந்தத் துணியும் பசையும் விடிய விடியப் பனியைக் குடித்திருக்கின்றன. மலையில் பனி இறங்குவதை நினைக்காமல் போடி வெயிலில் எடை பார்த்திருக்கிறார், மலைக்கே ரிப்பேர் பார்க்கிற மனுஷன்!

"மூக்குல இன்னுங் கொஞ்சம் ஈயம் வைங்க மச்சான்" என்றேன்.

"வெயில் ஏறுனா வாலு காஞ்சிரும். அப்ப மூக்கு கனக்காதா?" என்ற அக்கா, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரைப் பார்த்தாள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

"காய் காயப்போடுற எடத்துல பிளேனா?" என்று பால்சாமி சிரித்தார். சிரித்துக்கொண்டே கதவைத் திறந்துவிட்டார்.

வால் உள்ளே, மூக்கு வெளியே. ஒரு பக்கம் மட்டும் காய்ந்தால் சட்டம் கோணிக்கொள்ளும் என்று அக்கா திருப்பித் திருப்பிக் காட்டினாள். சுண்டினாள், உதட்டைப் பிதுக்கினாள், மறுபடி காட்டினாள். முக்கால் மணி நேரம் கழித்து வாலும் 'டிம்' என்றது. கட்டையில் வைத்தோம், குமிழி நடுவில் வந்து நின்றது.

காற்றாடியைச் சுண்டியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. மலையே அதிர்ந்த மாதிரி ஒரு சத்தம்! மச்சான் பெட்டியின் குச்சிகளை அசைக்க, விமானம் புல்லில் குதித்துக் குதித்து ஓடியது, சக்கரம் தரையை விட்டது, ஏறியே விட்டது. நான் கத்திய கத்தலில் தொண்டை கட்டிவிட்டது. வேடிக்கை பார்க்க வந்திருந்த தோட்டத்துப் பெண்கள் குலவையிட்டார்கள். பால்சாமி இரண்டு கையையும் தலையில் வைத்து, "என் இன்ஜினு! என் இன்ஜினு!" என்று அங்குமிங்கும் ஓடினார். ஆறு சுற்று சுற்றியது. அதற்குள் காற்று எழுந்துவிட்டது. இறங்க வரும்போது காற்று தள்ளி, எங்கள் தலைக்கு மேலே தாண்டிப் போய் மறுபடி ஏறியது. இரண்டாம் தடவை புல்லைத் தொட்டது, இரண்டு குதி குதித்தது, நின்றது. ஒரு கீறல் இல்லை.

"பெட்ரோல் கெடக்குல்ல, இன்னொருக்கா விடப்பா!" யார் கத்தியது என்கிறீர்கள்? பால்சாமி!

மச்சான் அதற்குள் ஸ்பேனரை எடுத்து இன்ஜினைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. "ஆறு வருஷம், மச்சான்! அவரே விடச் சொல்றாரு!"

"மாட்டேன் மாப்ளே." சூட்டோடு இன்ஜினைத் துண்டில் பொதிந்து பால்சாமியிடம் கொடுத்துவிட்டு, புல்லில் உட்கார்ந்துவிட்டார். "ஏறுனதுல இருந்து எறங்குற வரைக்கும் என் கண்ணுக்கு இன்ஜினு மட்டுந்தான் தெரிஞ்சுச்சு. இந்தா விழப்போகுது, இந்தா ஒடையப்போகுதுன்னே நின்னேன். பிளேனு பறந்ததை நான் பார்க்கவே இல்ல."

அவர் அக்காவைப் பார்த்தார்.

"அன்னக்கொடி, நீ பார்த்தீல்ல? எப்படி இருந்துச்சு?"

அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்து மேலே கையை நீட்டினாள். "அந்தா, அந்த ஒசந்த மரம் இருக்குல்ல, அதுக்கும் மேல போச்சுங்க. போயி ஒரு பக்கமா சாஞ்சு, சும்மா வழுக்கிக்கிட்டே திரும்புச்சு. அதோட நெழலு ஏலச்செடி மேல ஓடிவந்துச்சு. எங்க மேல நெழலு விழவும் எல்லாப் பொம்பளைகளும் குனிஞ்சுட்டோம்."

"அப்புறம்?" என்றார் மச்சான்.

மலை இறங்கும்போது ஜீப்பிலும் அக்கா சொல்லிக்கொண்டே வந்தாள், அவர் "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். நான் வண்டியை மெதுவாகவே ஓட்டினேன்.